விசாரணை ஜன்னலுக்கு வெளியே

தன் சொந்த ஜன்னலுக்கு வெளியே நின்று, தானே எழுதிய அறிவிப்பை, அன்றுதான் எழுத்துக் கூட்டப் பழகியவரைப் போல ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார் ஜன்னல்காரர். மணி எட்டு. எட்டு பத்து பஸ் மூன்றாவது பிளாட்பாரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அதில் ஏறுவதா, விடுவதா என்பதுதான் அப்போதைய பிரச்சினை.

அந்த பஸ் ஸ்டாண்டின் விசாரணை ஜன்னலுக்கு உட்புறம் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர் அவர். கண்ணாடியில் இருந்த அரைவட்ட ஓட்டை வழியாக ஊர் அவரை மூக்கிலிருந்து சட்டையின் இரண்டாவது பொத்தான் வரைக்கும்தான் அறியும். இன்று முழு உருவத்தோடு வெளியே நின்றதால் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. இரண்டு பேர் இடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாமவர், படிக்கத் தெரியாவிட்டால் ஒதுங்கி நிற்கும்படி மரியாதையாகவே சொன்னார்.

அவர் படித்துக்கொண்டிருந்தது 'பயணிகளுக்கு இருபத்திரண்டு யோசனைகள்'. அவருடைய ஒரே படைப்பு. நிர்வாகம் அதைப் பார்த்துப் பூரித்துப்போய், வழியில் இருந்த எல்லா ஸ்டாண்டுகளிலும் ஒட்டச் சொல்லிவிட்டது. பூரித்த நிர்வாகம் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் விசாரிக்கத் தவறிவிட்டது. ஜன்னல்காரர் பஸ்ஸில் போனதே இல்லை.

ஒன்பது வயதில் ஒரே ஒரு தடவை ஏறினார். இரண்டாவது நிறுத்தம் வரை போனார். அதற்குள் அவர் வயிறு செய்த காரியத்தை, முன் சீட்டில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் தன் ஆயுள் உள்ளவரை சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அதிலிருந்து நடைதான். வேலை பஸ் ஸ்டாண்டில், வீடு அங்கிருந்து முந்நூறு அடியில். பெண் எடுத்ததும் பக்கத்துத் தெருவில். மாப்பிள்ளை நடந்தே போய்க் கல்யாணம் செய்துகொண்டு நடந்தே திரும்பினார். அவளும் தெருமுனையைத் தாண்டாமல் வளர்ந்தவள்.

அப்படியானால் யோசனைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். எல்லாம் ஜன்னலுக்கு வந்த புகார்களிலிருந்து வடித்தெடுத்தவை. ஒருவர் எதைச் செய்து அவதிப்பட்டதாகச் சொல்கிறாரோ, அதற்கு நேர் எதிரானதை அன்று மாலையே எழுதிவிடுவார்.

இப்படிப்பட்டவர் பையும் கையுமாக வெளியே நிற்கக் காரணம், அந்தப் பைக்குள் இருந்த ஒரு தாள்.

முந்தின நாள் மனைவி வழக்கம்போல, எங்கேயாவது ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகக் கூடாதா என்று கேட்டாள். மூன்று வருடத்துக்கு முன் வெளியூரில் வீடு கட்டிக்கொண்டு போன அண்ணனைக்கூட இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், தாராளமாகப் போகலாமே, எட்டு பத்துக்கு ஒன்று, ஒன்பது நாற்பதுக்கு ஒன்று, மூன்றாவது பிளாட்பாரம் என்றார். இருபத்தாறு வருடமாக இந்தக் கேள்விக்கு இதுவேதான் பதில். ஆனால் நேற்று அவள் உள்ளே போகவில்லை. எதிரே வந்து நின்றாள்.

"பன்னண்டு லட்சம் பேரை ஊருக்கு அனுப்பியிருக்கீங்க. நான் பன்னண்டு லட்சத்து ஒண்ணாவது ஆளா இருந்துட்டுப் போறேன்."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தொழில் பழக்கம். திரும்பும் பஸ் ஐந்து மணிக்கு என்று சேர்த்துச் சொன்னார்.

காலையில் எழுந்தபோது வீட்டில் அவள் இல்லை. மேஜைமேல் ஒரு தாள். மைத்துனர் தன் புது விலாசத்தை எழுதி அனுப்பியிருந்த தாள்தான். பின்பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். இன்று விளக்கு வைப்பதற்குள் நீங்களே பஸ் ஏறி வந்து கூப்பிட்டால் வருவேன். இல்லையென்றால் நாளைக்கே அண்ணியின் தையல் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே இருந்துவிடுவேன். அண்ணனுக்குப் போன் போட்டுத் தூது விட்டால் அதோடு சரி.'

அவளுக்கே போன் போட்டார். சமையலறையில் சர்க்கரை டின்னுக்குப் பக்கத்தில் மணி அடித்தது. வைத்துவிட்டே போயிருந்தாள்.

ஆறரை மணி பஸ்ஸில் போயிருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு, முந்நூறு அடி நடந்து, இங்கே வந்து நிற்கிறார்.

மூன்றாவது யோசனை தெளிவாக இருந்தது: 'நெரிசலான பஸ்ஸில் ஏறாதீர்கள். அடுத்தது காலியாக வரும்.' எட்டு பத்தில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். விட்டுவிட்டார். எட்டு பத்தை விட்ட ஊர் முழுவதும் ஒன்பது நாற்பதுக்குத் திரண்டு வந்தது. ஏறும்போது அவருடைய ஒரு செருப்பு படிக்கட்டிலேயே கழன்று, அவருக்கு முன்னதாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

என்றாலும் முன் வரிசையில் இடம் பிடித்துவிட்டார், அதுவும் இடப்பக்கம். காலையில் வடக்கே போகிற பஸ்ஸில் இடப்பக்கம்தான் நிழல். ஐந்தாவது யோசனை. ஆனால் வடக்கே போகிற பஸ் எடுத்த எடுப்பிலேயே வடக்கே போய்விடுவதில்லை என்ற செய்தி இருபத்தாறு வருடத்தில் அவர் ஜன்னலுக்கு வந்து சேரவில்லை. பாலத்தில் வேலை நடந்தது. பஸ் தெற்கே போய், மேற்கே திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியது. வெயில் நேராக அவர் இடது காதில் வந்து உட்கார்ந்தது. எழுந்து வலப்பக்கம் போனார். பஸ் திரும்பியது. வெயிலும் திரும்பியது. எதிர்ப்பக்கத்துக்காரரைக் கெஞ்சி மறுபடி மாறினார். பதினோரு தடவை மாறிய பிறகு கண்டக்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

"சார், நீங்க சூரியனைத் துரத்துறீங்களா, அது உங்களைத் துரத்துதா?"

முன் சீட்டுக்காரர்கள் ஒரு தீர்மானத்துக்கு வந்து, அவரை இருந்த இடத்திலேயே அழுத்தி உட்கார வைத்தார்கள். அது சரியாக வெயில் பக்கம்.

அதற்குள் வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. எட்டாவது யோசனைப்படி வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது, இரண்டு பிஸ்கட் போதும். இரண்டு தின்றார். குமட்டலுக்கு இரண்டு போதாதோ என்று சந்தேகம் வந்து இன்னும் இரண்டு. அந்த நாலுக்கும் துணையாக மேலும் நாலு. எட்டு பிஸ்கட்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நெஞ்சுக்குழி வரை ஏறி நின்றன. ஒன்பது வயதில் கேட்ட அதே சத்தம் உள்ளே கேட்டது. முன்னால் வெள்ளைச் சட்டை எதுவும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார்.

ஒன்பதாவது யோசனைதான் இப்போது கதி: 'ஓடும் பஸ்ஸில் எக்காரணம் கொண்டும் பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். பார்வை நேர் எதிரே, தொலைவில் இருக்கட்டும்.' அப்படியே தொலைவைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டக்கூட யோசித்தார். எதிரே வந்த லாரி டிரைவர்கள் பயந்து வணக்கம் வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் தோளுக்கு மேலாக ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. பின்னாலிருந்து கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது, யாரோ கொடுத்தனுப்பினார்கள், மோந்து பாருங்கள் என்றார் பின் சீட்டுக்காரர். திரும்பி ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம்தான். யோசனை என்றால் யோசனை. எதிரே தெரிந்த ஒரு மலையைப் பார்த்து நன்றி சொன்னார்.

பாதி வழியில் ஓர் ஊர். பஸ் அரை மணி நேரம் நிற்கும் என்றார்கள். பன்னிரண்டாவது யோசனைப்படி பணம், போன், முக்கியமான தாள்கள் எல்லாம் பையின் அடியில், பை சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தன. பதினைந்தாவது யோசனைப்படி, இறங்குமுன் பஸ் நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். இறங்கினார். ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் எட்டு பிஸ்கட்டுக்கும் விடை கொடுத்தார். நல்ல மனிதர், சுத்தக்காரர், குழாயடியில் முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

துடைத்துக்கொண்டு பார்த்தால், உள்ளங்கை பளிச்சென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், ஒரே நீலத்தில், ஒரே உயரத்தில், ஒரே மாதிரி புழுதி படிந்து, பதினான்கு பஸ்கள்.

வேறு யாராக இருந்தாலும் பதினான்கிலும் ஏறி இறங்கிப் பார்த்திருப்பார்கள். ஜன்னல்காரருக்கு உலகத்தில் ஒரு சந்தேகம் வந்தால் போக வேண்டிய இடம் ஒன்றுதான். விசாரணை ஜன்னலைத் தேடிப் போனார். இருந்தது. அதே அரைவட்ட ஓட்டை, மேலே அதே இருபத்திரண்டு யோசனைகள். உள்ளே நாற்காலி காலி. அந்த ஊர் ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். ஓட்டைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்று, காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் நின்ற ஒரு பெண்மணி, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு பெருமூச்சு விட்டார். பஸ் போய்விட்டதா இல்லையா என்று சொல்லக்கூட ஒரு நாதியில்லையே என்றார்.

பதில் கிடைக்காத ஒரு கேள்வியைத் தன் கண் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்பது ஜன்னல்காரருக்குப் பழக்கமில்லாத வேதனை. பக்கத்துக் கதவைத் தள்ளினார். திறந்திருந்தது. இவருக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். நாற்காலி அவர் வீட்டு நாற்காலி மாதிரி அவரை வாங்கிக்கொண்டது. மேஜையில் நேரப் பதிவேடு விரிந்து கிடந்தது. பிறகு என்ன நடந்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. காலையிலிருந்து புரண்டுகொண்டிருந்த வயிறு அடங்கியது. குரல் திரும்பி வந்தது. ஏழெட்டுப் பேர் நாற்பது பேரானார்கள். யாருக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்தப் பிளாட்பாரம் என்று மழை மாதிரி பொழிந்தார். அந்த ஊர் ஜன்னலில் இப்படி ஒரு பதில் கிடைத்ததே இல்லை என்று ஒருவர் கண் கலங்கினார்.

பதிவேட்டில் அடுத்த வரியைப் பார்த்தார். நேரம் ஆகிவிட்டது. கடமை. மைக்கை இழுத்தார்.

"நாலாவது பிளாட்பாரத்தில் நிற்கும் பஸ் இப்பொழுது புறப்படுகிறது. பயணிகள் உடனே ஏறிக்கொள்ளவும். டிரைவர், வண்டியை எடுக்கலாம்."

டிரைவர் எடுத்தார். நீலமாக அது வெளியே போனபோதுகூட, சரியான நேரத்துக்குப் போகிறதே என்று ஒரு பெருமிதம்தான் வந்தது. வாசலைத் தாண்டித் திரும்பியபோது, முன் சீட்டு ஜன்னல் வழியாக, எழுந்து எழுந்து அவரோடு இடம் மாறிய மனிதர் தெரிந்தார். ஆனந்தமாக, நிழல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பை போய்விட்டது. பைக்குள் போன். போனுக்கு அடியில் விலாசம்.

டீ குடித்துவிட்டு வந்த அந்த ஊர் ஜன்னல்காரர் கதவருகே திகைத்து நின்றார். தன் நாற்காலியில் யாரோ ஒருவர் மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"யார் சார் நீங்க?"

"அடுத்தது ஒரு மணிக்கு. ரெண்டாவது பிளாட்பாரம்" என்றார் நம்மவர், நிமிர்ந்து பார்க்காமலே.

பிறகு விஷயத்தைச் சொன்னார். இரண்டு ஜன்னல்காரர்களும் ஒரே ரத்தம் என்பதால் அந்த ஊர்க்காரர் கோபப்படவில்லை. டிக்கெட் செலவுக்குத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடைசி ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, பையை இறக்கி டைம் கீப்பர் அறையில் வைக்கச் சொன்னார். அதோடு நின்றிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு மணி பஸ் ஊருக்குள் புகுந்து புகுந்து போகும், நாலரை ஆகிவிடும் என்றார். பையை வாங்கி, விலாசம் பார்த்து, வீட்டைத் தேடிப் போவதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள்.

ஜன்னல்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் பதினேழாவது யோசனையை அண்ணாந்து பார்த்தார்: 'அவசரமென்றால் புறவழிச்சாலை பஸ்ஸில் போங்கள்.' அது ஸ்டாண்டுக்குள் போகாது, ஊர் ஓரமாகவே சுற்றிப் போகும். பை கிடக்கட்டும் என்று முடிவு செய்தார். விலாசத்தில் தண்ணீர்த் தொட்டி எதிரே என்று படித்தது நினைவிருந்தது. ஓர் ஊரில் எத்தனை தண்ணீர்த் தொட்டி இருந்துவிடப் போகிறது.

புறவழிச்சாலை பஸ் ஒன்றே முக்காலுக்குத்தான் வந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து, தொலைவில் பார்வையை நட்டார். இந்தத் தடவை பிஸ்கட் இல்லை, பை இல்லை, உள்ளங்கையில் நம்பர் இல்லை. அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். மன்னித்துவிடு என்று தொடங்கினால் நேரம் சொல்வது போல வந்தது. வா போகலாம் என்றால் பிளாட்பாரம் எண் தானாக ஒட்டிக்கொண்டது. கடைசியில், நான் பஸ்ஸில் வந்தேன் என்று மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டார். அதில் எல்லாமே இருக்கிறது என்று தோன்றியது.

ஊர் வந்தது. முதல் தண்ணீர்த் தொட்டியும் வந்தது. நிறுத்தச் சொல்லி எழுந்தார். எதிரே வீடே இல்லை, மரக்கடை. மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்தார். இரண்டாவது தொட்டி. எதிரே தீயணைப்பு நிலையம். மூன்றாவது, நான்காவது. இந்த ஊர்க்காரர்கள் வேறு வேலை இல்லாமல் தொட்டியாகவே கட்டித் தள்ளியிருந்தார்கள். ஐந்தாவது தொட்டிக்கு எழுந்தபோது டிரைவர் நிறுத்தவில்லை. ஆறாவதற்கு அவர் எழவில்லை. ஒன்பது வரை எண்ணினார். அதற்குப் பிறகு வந்தவை தொட்டிதானா, கண் கலங்கியதால் அப்படித் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை.

கடைசி நிறுத்தம். வெட்டவெளி, ஒரு தகரக் கொட்டகை, பஸ் திரும்புவதற்கு ஒரு வட்டம். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். பின்னால் ஆட்கள் இறங்குகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. ஜன்னல்காரர் எதிரே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். எதிரே சூரியன், காலையிலிருந்து துரத்தி வந்த அதே சூரியன், தகரக் கூரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அது இறங்கிவிட்டால் நாளைக்கு அவள் தையல் வாத்தியார். வீட்டில் அவரும் சர்க்கரை டின்னும்தான்.

கண்டக்டர் டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தொட்டிக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்த மனிதர் மேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு கண் இருந்தது. எதிர்ச் சீட்டில் சாய்ந்து நின்று கேட்டார்.

"உண்மையிலேயே எங்கதான் சார் போகணும்?"

ஜன்னல்காரர் வாயைத் திறந்தார். பழக்கத்தில் ஒரு நேரமும் ஒரு பிளாட்பாரமும் நாக்கு நுனி வரை வந்தன. அவற்றை விழுங்கினார். இருபத்தாறு வருடத்தில் யாரிடமும் சொல்லாத ஒரு வார்த்தையைத் தேடி எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தெரியலப்பா" என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியல. எம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்கு வந்துட்டா. பொழுது சாயறதுக்குள்ள நான் போய்க் கூப்பிடணும். வீடு எங்கன்னு தெரியல. யார்கிட்டயும் வழி கேட்டுப் பழக்கமில்ல. எப்படிக் கேக்கணும்னுகூடத் தெரியல."

கண்டக்டர் டிக்கெட் அடுக்குவதை நிறுத்தினார். அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு அவர் தலைக்கு மேலாக, பஸ்ஸின் கடைசி வரை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன சார் நீங்களே இப்படிச் சொல்றீங்க. கடைசி சீட்டுல ஒரு அம்மா இன்னும் இறங்காம உக்காந்திருக்காங்க. அண்ணன் வீட்டுக்குப் போகணுமாம், வழி தெரியாதாம். 'முன்னாடி இருக்காரே, அவர் என்னைத் தேடித்தான் அங்க போய்க்கிட்டிருக்கார், அவர் இறங்குற இடத்துலயே என்னையும் இறக்கி விட்டுடுங்க'ன்னு சொல்லித்தான் டிக்கெட்டே வாங்கியிருக்காங்க."